ஆறாம் நாள் நோட்ஸ்

மூச்சை உள்ளே இழுக்கும்போது வயிறு வெளியே வர வேண்டுமா, உள்ளே போக வேண்டுமா என்று இன்றைக்கு யாராவது என்னைக் கேட்டால் நான் பதில் சொல்லமாட்டேன். அதைப் பத்து நாள் படித்தவன் நான். சோதனை எழுதிச் சித்தியும் அடைந்தவன். ஆனாலும் சொல்லமாட்டேன்.

அது தொண்ணூறுக்குப் பிறகு வந்த ஆண்டுகளில் ஒன்று. உயர்தரச் சோதனை எழுதி, பெறுபேறும் வந்து, பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் மட்டும் வராமல் அளவெட்டியில் வீட்டோடு இருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான். ஐயா கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் வைப்பவர். அம்மாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும், மற்றவர்களின் பெயரை எழுதத் தெரியாது. கூப்பன் காட், மருந்துச் சீட்டு, கோயில் நோட்டீஸ், எது வந்தாலும் என்னிடம்தான் நீட்டுவார்கள். நான் வாசித்துச் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. "உவன் படிச்சவன், உவன் சொன்னால் சரி" என்பார் ஐயா. அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும். அதில் பயப்பட ஏதும் இருப்பதாக அப்போது தெரியவில்லை.

ஐயாவுக்குத் தொய்வு. மூச்சு முட்டினால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல் ஒரு சத்தம் வரும், உதடு கறுக்கும். முன்னெல்லாம் ஒரு குளிசை போட்டால் அரை மணித்தியாலத்தில் அடங்கிவிடும். சண்டையால் சாமான்களைத் தடுத்ததில் அந்த வருஷம் குளிசை வருவது நின்றுபோனது. அதே வருஷம் மண்ணெண்ணெயும் நின்றதால் தண்ணீர் பம்ப் சாக்குக்குக் கீழே படுத்துவிட்டது. வெங்காயத்துக்கு ஐயா மறுபடியும் துலாவால் இறைக்கத் தொடங்கினார். இரண்டு பாத்தி நனைவதற்குள் வரம்பில் குந்திவிடுவார். நான் இறைக்கிறேன் என்று போனால் கயிற்றைத் தரமாட்டார்.

"உன்னை உதுக்கே படிப்பிச்சனான்? போ, போய்ப் புத்தகத்தை எடு."

எந்தப் புத்தகத்தை எடுப்பது? எல்லாம்தான் படித்து முடித்தாயிற்றே.

அப்படியிருக்கும்போதுதான் வாசிகசாலைச் சுவரில் அந்த அறிவித்தலைக் கண்டேன். கோடு போட்ட தாளில் கையால் எழுதியிருந்தது. உடல் உள நலத்துக்கான பத்து நாள் தீவிரக் கருத்தரங்கு. யோக சிகிச்சையும் சீனத்துச் சீகொங் மூச்சுப் பயிற்சியும். இடம் கொக்குவில். தொய்வு, இடுப்பில் வரும் நாரிப்பிடிப்பு, நித்திரையின்மை, மனப்பயம் உள்ளவர்களின் வீட்டாரும் வந்து கற்றுக்கொள்ளலாம். கடைசி வரி பெரிய எழுத்தில் இருந்தது: முடிவில் சோதனையும் சான்றிதழும் உண்டு. அந்த வரி இல்லாவிட்டால் எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் வந்திருக்கமாட்டார்கள். நானும் அந்தப் பாதிக்குள்தான்.

ஐயாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"சீனாக்காரனுக்கும் தொய்வு வருமோ?"

"எல்லாருக்கும் வரும் ஐயா."

"மூச்சைப் பற்றி எண்டால் எங்கடை ஊர் நாயனக்காரரிட்டைக் கேட்டால் காணுமே. ஒரு மூச்சிலை கோயில் வீதியையே சுத்திப்போட்டு வருவினம்." தன் பகிடிக்குத் தானே சிரிக்கப் போய் இருமல் பிடித்துக்கொண்டது. அடங்கிய பிறகு சொன்னார்: "சரி. போய்ப் படிச்சுக்கொண்டு வா. நீ சொல்லித் தந்தால் நான் செய்யிறன்."

கொக்குவிலில் ரெயில் பாதைக்குப் பக்கத்து வளவொன்றில், ரியூசன் வகுப்பு நடக்கும் ஒரு ரியூட்டரிக் கொட்டில். ரெயில் நின்று கனகாலம். சிலிப்பர் கட்டைகளெல்லாம் குண்டுக்குப் பதுங்கும் பங்கர்களுக்குக் கூரையாகப் போய்விட்டன. கொட்டிலுக்குள் வாங்குகளை ஓரத்தில் அடுக்கிவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். கரும்பலகையைக் கழற்ற முடியவில்லை போலும், அது அப்படியே இருந்தது. கரும்பலகையைக் கண்டதும் வந்திருந்த இருபத்தைந்து பேரும் கொப்பியை விரித்துவிட்டோம். சவாசனத்தில் மல்லாந்து கிடக்கச் சொன்னால் குப்புறக் கிடந்து எழுதினோம்.

யோகம் படிப்பித்தவர் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர். இந்தியாவில் ஓர் ஆச்சிரமத்தில் இரண்டு வருஷம் இருந்து கற்றுவந்தவர். எல்லாரும் அவரை மாஸ்ரர் என்றே கூப்பிட்டோம்.

"எழுதாதேங்கோ, செய்யுங்கோ," என்று அவர் முதல் நாளே கெஞ்சினார்.

"செய்யிறம் மாஸ்ரர். முதல் எழுதிப்போட்டு, வீட்டை போய்ச் செய்யிறம்," என்றார் பின்னாலிருந்து ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். ஒருவரும் பேனையை வைக்கவில்லை.

சீகொங் படிப்பித்தவர் வடக்குக் கரையில் கப்பலோடிய குடும்பத்துக்காரர். ஏதோ ஒரு சீனத் துறைமுகத்தில் கப்பல் பழுதாகி ஏழெட்டு மாதம் கிடந்தபோது, காலையில் பூங்காவில் கூடும் கிழவர்களோடு நின்று பழகியதாம். கப்பல் அண்ணை என்று பெயராகிவிட்டது. முழங்காலைச் சற்று மடக்கி, பெரிய சோற்றுக் கிடாரம் ஒன்றைக் கட்டிப்பிடித்திருப்பதுபோல் கைகளை வளைத்து, அப்படியே நிற்கச் சொல்வார். சும்மா நிற்பதுதானே என்று தோன்றும். ஐந்து நிமிஷத்தில் தொடை நடுங்கும்.

அவரிடம் சீனக் குழலிசை ஒலிநாடா ஒன்று இருந்தது. அதன் ஏற்ற இறக்கத்துக்கு மூச்செடுக்க வேண்டும். பற்றரிக்கு எங்கே போவது? சைக்கிளொன்றைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து கசற் ரேடியோவுக்கு வயர் கொடுத்து, பெடலை ஒருவர் கையால் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். இளம் ஆட்கள் முறை வைத்துச் சுற்றினோம். கை களைத்தால் குழல் அழுதது. வானத்தில் இரைச்சல் கேட்டால் சுற்றுகிறவர் பயத்தில் வேகமாகச் சுற்ற, குழல் கலியாண மேளம்போல் ஓடியது. இருபத்தைந்து பேரும் அதற்கேற்ப மூச்சு வாங்கினோம். எந்த வேகம் சரியான வேகம் என்று கேட்டேன். "உனக்கு எது வசதியோ அது," என்றார் கப்பல் அண்ணை. அதை எப்படிக் கொப்பியில் எழுதுவது?

வயிற்றுப் பிரச்சினை மூன்றாம் நாள் வந்தது. மாஸ்ரர் காலையில், மூச்சு உள்ளே போகும்போது வயிறு முன்னே வர வேண்டும் என்றார். எழுதினோம். பின்னேரம் கப்பல் அண்ணை, சீனத்தில் ஒரு முறை இருக்கிறது, மூச்சு உள்ளே போகும்போது வயிறும் உள்ளே போக வேண்டும் என்றார். அதையும் எழுதினோம். எனக்குப் பக்கத்துப் பாயில் இருந்த ரீச்சர் கையை உயர்த்தினார். வணிகக் கல்வியில் பெயர் பெற்ற ரியூசன் ரீச்சர் அவர்.

"சோதினைக்கு எதை எழுதுறது?"

"இரண்டும் சரிதான் ரீச்சர்," என்றார் மாஸ்ரர்.

"அதெப்பிடி மாஸ்ரர்? ஒரு கேள்விக்கு ஒரு விடைதானே இருக்கும்?"

மாஸ்ரர் கப்பல் அண்ணையைப் பார்த்தார். கப்பல் அண்ணை தன் வயிற்றைப் பார்த்தார். "நான் சொல்லுறது பழகின ஆக்களுக்கு," என்றார். "அப்ப ஏன் பழகாத ஆக்களுக்குச் சொல்லுறியள்?" என்று மாஸ்ரர் கேட்க, அன்றைய வகுப்பு அதோடு முடிந்தது. வீட்டுக்குச் சைக்கிளில் போகும் வழியெல்லாம் என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே போனேன். அது தன்பாட்டில் ஏதோ செய்துகொண்டிருந்தது. கவனித்ததும் குழம்பிவிட்டது.

வகுப்பில் படித்ததை மறுநாள் காலையில் ஐயாவுக்குச் சொல்லிக் கொடுப்பேன். கிணற்றடியில் கிடாரம் பிடிப்பவராக அவர் நிற்க, நான் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். வேலிக்கு மேலால் அடுத்த வளவுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணை, விடியக்காலமை ஆரைக் கட்டிப்பிடிக்கிறியள்?"

"உன்ரை மனிசியையில்லை, நீ போய் உன்ரை வேலையைப் பார்."

"இந்த வயசிலை கதைக்கிற கதையைப் பார்," என்று குசினிக்குள்ளிருந்து அம்மா ஏசினார்.

ஆனால் ஐயா செய்தார். நான் சொன்னதைச் சொன்னபடி செய்தார். கை இவ்வளவு உயரம் என்றால் அவ்வளவு உயரம். ஐந்தாம் நாள் நான்கு பாத்திக்கு இறைத்துவிட்டு, குந்தாமல் நடந்து வந்தார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் ஒரு டொக்டர்தான். காற்று மாறியதால் இருக்கலாம், முந்தின இரவு நன்றாக நித்திரை கொண்டதால் இருக்கலாம். அப்படியெல்லாம் அப்போது நான் யோசிக்கவில்லை.

ஆறாம் நாள் என்னால் வகுப்புக்குப் போய்ச் சேர முடியவில்லை. இணுவில் தாண்டும்போது பொம்பர் வந்தது. சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, முன்பின் தெரியாத ஒரு வீட்டுப் பங்கருக்குள் இறங்கினேன். உள்ளே இருந்தவர்கள் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருக்க, மூச்சுப் பயிற்சியை நானாவது செய்து பார்க்கலாம் என்று முயன்றேன். நாலு எண்ணி இழுப்பதற்குள் அடுத்த குண்டு விழுந்தது. மூச்சு எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லை. மத்தியானத்துக்கு மேலாகிவிட்டது. வீட்டுக்குத் திரும்பினேன்.

ஏழாம் நாள் ரீச்சரிடம் கொப்பியை இரவல் வாங்கினேன். பள்ளிக்கூடத்திலும் நாங்கள் அப்படித்தான். வராத நாளின் நோட்ஸை வந்தவரிடம் வாங்கி எழுதிவிட்டால் வந்த மாதிரித்தான். ரீச்சரின் கொப்பி அச்சடித்ததுபோல் இருந்தது. தலைப்பெல்லாம் சிவப்பு, இரட்டைக் கோடு.

"சுருக்கி எழுதியிருக்கிறன் தம்பி. மாஸ்ரர் நடுவிலை சொன்ன கதையெல்லாம் விட்டிட்டன்."

அவருடைய மாணவர்கள் திறமைச் சித்தி எடுப்பது அந்தச் சுருக்கத்தினால்தான் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். நன்றி சொல்லி, ஓர் எழுத்து விடாமல் பார்த்து எழுதினேன். தலைப்பு கும்பகம். நாலு எண்ணும்வரை இழுத்தல், பதினாறு எண்ணும்வரை உள்ளே நிறுத்தல், எட்டு எண்ணும்வரை விடுதல். ஆறுதலாக எண்ண வேண்டும். பயன்கள் ஏழு.

எட்டாம் நாள் காலை, வகுப்புக்கு வெளிக்கிடுமுன் ஐயாவைச் சாக்கில் இருத்தினேன். "இது இனி முக்கியமான பாடம் ஐயா," என்றேன். அவர் சேர்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு நிமிர்ந்து இருந்தார். நான் எண்ணினேன். நாலில் இழுத்தார். பதினாறுவரை நிறுத்தினார். எட்டில் விட்டார். முகம் சிவந்திருந்தது. "எப்பிடி ஐயா?" "உன்ரை பாட்டுக்கு எண்ணு." இரண்டாம் முறை. மூன்றாம் முறை பத்தில் அவர் கண் பிதுங்குவதைக் கண்டேன். கண்டும் எண்ணினேன். நோட்ஸில் பதினாறு என்றுதான் இருந்தது. பன்னிரண்டு. பதின்மூன்று. விட்டிருக்கலாம், அவர் விடவில்லை.

பதினாறில் விட்டது மூச்சாக வரவில்லை. அந்தப் பூனைக்குட்டிச் சத்தம் வந்தது, பிறகு அதுவும் நின்றது. சத்தம் நின்றதுதான் பயமாக இருந்தது. உதடு நாவற்பழ நிறத்துக்கு வந்தது. அம்மா கத்திக்கொண்டு ஓடிவந்தார். இரண்டு ஒழுங்கை தள்ளி, ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்து ஓய்வுபெற்ற அப்போதிக்கரி ஒருவர் இருந்தார். சைக்கிள் கரியரில் ஐயாவை ஏற்றி, அம்மா பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவர, தள்ளிக்கொண்டு போனேன். அப்போதிக்கரி தொய்வுக்காரியான தன் மனைவிக்கென்று ஒளித்து வைத்திருந்த ஊசி மருந்தை எடுத்துப் போட்டார். ஒன்றும் கேட்கவில்லை.

மத்தியானம் வீட்டு விறாந்தையில் தலையணைகளில் சாய்ந்துகொண்டு, ஐயா என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"நான்தான் பிழைவிட்டிட்டன் தம்பி. கடைசி மூச்சை வடிவா விடேல்லைப் போலை. மாஸ்ரரிட்டைச் சொல்லாதை, வெக்கம்."

"ஏனய்யா முட்டேக்கை விட்டிருக்கலாமே?"

"நீ பதினாறு எண்டனி. பதின்மூண்டிலை விடலாமோ?"

ஒன்பதாம் நாள் நான் மாஸ்ரரிடம் சொன்னேன். கப்பல் அண்ணையும் பக்கத்தில் நின்றார். மாஸ்ரரின் முகம் வெளிறிவிட்டது.

"தொய்வுக்காரருக்குக் கும்பகம் கூடாது எண்டு ஆறாம் நாள் முதல் வசனமே அதுதானே தம்பி. தொய்வு, பிரஷர், இருதய வருத்தம், மூண்டுக்கும் கூடாது. மூண்டு தரம் சொன்னனான்."

நான் ரீச்சரின் பாய்க்குப் போனேன். அவர் தன் கொப்பியைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார்.

"அது சோதினைக்கு வராதெண்டு விட்டனான் தம்பி," என்றார் கடைசியில். குரல் கீழே போயிருந்தது. "இது இப்பிடி ஆருக்கும் செய்யிறதுக்கெண்டு நான் நினைக்கேல்லை."

கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று நினைத்துப் பார்த்தேன், வரவில்லை. அன்றைக்கு நான் வகுப்பில் இருந்திருந்தால் அந்த வசனத்தை எழுதியிருப்பேனா? பன்னிரண்டு வருஷம் நானும் அப்படித்தானே படித்தேன்.

இனி என்ன செய்வது என்று இருவரிடமும் கேட்டேன். மூன்று மாதத்துக்கு ஒன்றுமே வேண்டாம், கையைக் காலை நீட்டி மடக்கினால் காணும், அதுவே போதும் என்றார் மாஸ்ரர். கப்பல் அண்ணை இல்லையென்று தலையை ஆட்டினார். "சும்மா விட்டால் பயம் நெஞ்சிலை நிண்டிடும். உள்ளை எடுக்கிறதை மறந்து போகச் சொல்லு. வாயைக் குவிச்சு, சுடுசோத்தை ஊதுற மாதிரி மெல்ல வெளியாலை விடட்டும். அவ்வளவுதான்." இருவரும் என்னை விட்டுவிட்டுத் தங்களுக்குள் வாதாடத் தொடங்கினார்கள். ஒருவர் சொன்னதற்கு நான் தலையாட்டினேன், மற்றவர் சொன்னதற்கும் ஆட்டினேன்.

அன்று ஐயாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. "நாளைக்குச் சோதினை எல்லே, என்னோடை மினக்கெடாமல் போய்ப் படி," என்றார் அவர். படித்தேன்.

பத்தாம் நாள் வாங்குகளை மறுபடி போட்டுச் சோதனை வைத்தார்கள், ஐந்து கேள்விகள். நாலாவது: கும்பகம் எவர்களுக்கு ஆகாது? காரணம் தருக. மாஸ்ரர் அதைக் கரும்பலகையில் எழுதும்போது எங்கள் பக்கம் திரும்பவில்லை. எதிர் வாங்கிலிருந்து ரீச்சர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நான் எழுதினேன். தொய்வு உள்ளவர்கள், இரத்த அழுத்தம் உள்ளவர்கள், இருதய வருத்தம் உள்ளவர்கள். காரணத்தையும் எழுதினேன். என்னைவிட அந்தக் காரணத்தை வடிவாக எழுதக்கூடியவர் அந்தக் கொட்டிலில் இருக்கவில்லை. பின்னேரமே சான்றிதழ் தந்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது ஐயா படலையடியில் கடகமொன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருந்தார். இரண்டு நாளாக இறைப்பு இல்லை. மூச்சு இன்னும் கரகரத்தது.

"பாசோ?"

"பாஸ் ஐயா."

"என்ன கேட்டவை?"

மற்ற நாலு கேள்விகளையும் சொல்லியிருக்கலாம். அவருக்கு அது போதும். வாய் திறந்தபோது அந்த ஒன்றுதான் வந்தது.

"கும்பகம் ஆருக்குக் கூடாதெண்டு."

"ஆருக்கு?"

"தொய்வுக்காரருக்கு."

ஐயா என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப உது உனக்கு முந்தியே தெரியுமோ?"

"இல்லை ஐயா. அண்டைக்கு நான் வகுப்புக்குப் போகேல்லை. பொம்பர் வந்த நாள். ஒரு ரீச்சரின்ரை கொப்பியைப் பார்த்து எழுதினது. அவ அதை எழுதாமல் விட்டிட்டா."

"அந்த ரீச்சர் வீட்டிலை ஆருக்கும் தொய்வோ?"

"இல்லை. புருசனுக்கு நாரிப்பிடிப்பு."

"அப்ப அவவுக்கு அது தேவைப்படேல்லை." பிறகு, கோபமில்லாமல்தான் சொன்னார்: "உனக்குத் தேவைப்பட்டதெல்லே. கேட்டிருக்கலாம்."

நான் சைக்கிளைப் படலையில் சாய்த்து வைத்தேன்.

"நான் என்ரை பிழையெண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்," என்றார்.

பிறகு, இனி என்ன செய்யட்டாம் என்று கேட்டார். ஒருவர் மூன்று மாதம் ஒன்றும் வேண்டாம் என்கிறார், மற்றவர் வாயைக் குவித்து ஊதச் சொல்கிறார் என்றேன்.

"நீ என்ன சொல்லுறாய்?"

"எனக்குத் தெரியாது ஐயா."

எங்கள் வீட்டில் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஐயாவின் தோள் குலுங்கியது. சிரித்தாரா, இருமினாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"அப்ப ஊதித்தான் பாப்பம். நீ எண்ணாதை. எனக்குக் காணுமெண்டால் நான் நிப்பாட்டுவன்."

வாயைக் குவித்து ஊதினார். நான் எண்ணாமல் இருக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. விரலை மடக்காமல், உதட்டை அசைக்காமல், மனதுக்குள் எண்ணினேன். முதலாவது ஏழில் நின்றது. அடுத்தது ஐந்தில். அதற்கடுத்தது பதினொன்றுவரை போனது. அது கூடியதற்கும் குறைந்ததற்கும் என்ன கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை. அவர் நிறுத்திய இடங்களில் நானும் நிறுத்தினேன்.